அனலாக் சென்சாரும் 16×2 டிஸ்ப்ளேவும்: எந்த ஜோடி, எந்த இணைப்பு?

பேக்லைட் ஆஃப்ல இருந்தா 29.3 டிகிரி, ஆன் பண்ணா 30.4. ரூம் மாறலை, சென்சார் மாறலை, கோட்ல ஒரு எழுத்துகூட மாறலை. நான் முதல்ல கட்டின தெர்மாமீட்டர் இப்படித்தான் ஆடிட்டு இருந்துச்சு. எல்எம்35 வெப்பநிலை சென்சார், வரிக்கு 16 எழுத்துன்னு ரெண்டு வரி காட்டற 16×2 கேரக்டர் டிஸ்ப்ளே, நடுவுல ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, எல்லாமே பிரட்போர்டு மேல. ரெண்டு நாள் கோடையே நோண்டினேன், ஆவரேஜ் எடுத்தேன், டிலே கூட்டினேன், லைப்ரரி மாத்திப் பாத்தேன், ஒண்ணும் அசையலை. கடைசில பாத்தா காரணம் ஒரு கருப்பு ஜம்பர் வயர். பேக்லைட் கரண்டும் சென்சாரோட கிரவுண்டும் அந்த ஒரே வயர் வழியா போர்டுக்குத் திரும்பிட்டு இருந்துச்சு. பேக்லைட் 60 மில்லிஆம்ப் இழுக்குது, வயரும் பிரட்போர்டு கிளிப்பும் சேந்து 0.18 ஓம் இருந்தாலே போதும், கிட்டத்தட்ட 11 மில்லிவோல்ட் அங்கேயே விழுந்துடும். எல்எம்35ல ஒரு டிகிரிங்கறதே 10 மில்லிவோல்ட் தான். சென்சார் கிரவுண்டை மட்டும் தனி வயரா எடுத்து நேரா போர்டோட கிரவுண்ட் பின்ல குத்தினேன், பேக்லைட் போட்டாலும் அணைச்சாலும் ரீடிங் நகரலை.

அதுலேர்ந்துதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு, இந்தக் கட்டுரை பூராவும் அதைத்தான் சொல்லப்போறேன். எந்த சென்சார் வாங்கலாம்னு ஒரு நாள் யோசிச்சு, எந்த டிஸ்ப்ளே வாங்கலாம்னு இன்னொரு நாள் யோசிச்சு, அப்புறம் ரெண்டையும் ஒரே போர்டுல மாட்டறோம் பாருங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. ரெண்டும் ஒரே சப்ளை, ஒரே கிரவுண்டு, ஒரே பின் கூட்டத்தைப் பங்கு போட்டுக்குது, அதனால ரெண்டையும் சேத்து ஒரே முடிவா எடுக்கணும். ஏடிசி, அதாவது வோல்டேஜை எண்ணா மாத்தற பகுதி, 10 பிட்டா 12 பிட்டாங்கற கேள்வியெல்லாம் அதுக்கப்புறம்.

சரி, சென்சார்லேர்ந்து ஆரம்பிக்கலாம். எடுத்துக்காட்டுக்கு வெப்பநிலையை வெச்சுக்கறேன், ஏன்னா பெரும்பாலானவங்க முதல்ல பண்றது அதுதான், ஆனா இதே யோசனை எல்டிஆர் (வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறற ரெசிஸ்டர்), மண் ஈரப்பதம், கேஸ் சென்சார் எல்லாத்துக்கும் பொருந்தும்.

வாங்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த சென்சார் தர்ற வோல்டேஜ் சப்ளையோட சேந்து ஏறி இறங்குமா, இல்ல சப்ளை என்னவா இருந்தாலும் தன்பாட்டுக்கு நிக்குமா? பொட்டன்ஷியோமீட்டர், தெர்மிஸ்டர் (வெப்பத்துக்குத் தக்கபடி மாறற ரெசிஸ்டர்), எல்டிஆர் இதெல்லாம் முதல் வகை. ஒரு ரெசிஸ்டரோட சேந்து வோல்டேஜைப் பங்கு போடுது அவ்வளவுதான், சப்ளை 5லேர்ந்து 4.7க்கு இறங்கினா இதோட அவுட்புட்டும் அதே விகிதத்துல இறங்கும். ஏடிசியும் அதே சப்ளையை ரெஃபரன்ஸா, அதாவது அளவுகோலா, வெச்சு அளந்தா ரெண்டும் அடிபட்டுப் போயிடும், எண் மாறாது. எல்எம்35, அதே மாதிரி இன்னொரு வெப்பநிலை சென்சாரான டிஎம்பி36 ரெண்டும் ரெண்டாவது வகை. சப்ளை எப்படி ஆடினாலும் 30 டிகிரின்னா எல்எம்35 300 மில்லிவோல்ட் தான் தரும். இதை சப்ளையை ரெஃபரன்ஸா வெச்சு அளந்தா, சென்சார் ஒழுங்கா இருந்தும் அளவுகோல் நீண்டு சுருங்கும். கோட்ல 5.0 வோல்ட்னு எழுதிட்டு யூஎஸ்பி வயர் வழியா போர்டுக்கு நிஜத்துல 4.7 வந்துச்சுன்னா, 30 டிகிரி அறையில டிஸ்ப்ளே 31.9 காட்டும். பேக்லைட் போட்டா சப்ளை இன்னும் கொஞ்சம் இறங்கும், ரீடிங் இன்னும் கொஞ்சம் ஏறும். பாருங்க, டிஸ்ப்ளே இங்கயும் வந்து உக்காந்துக்குது.

இதை மனசுல வெச்சுட்டு மூணு சென்சாரையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.

எல்எம்35 பிடிச்சுப்போறதுக்குக் காரணம் கணக்கு சுலபம். டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், 0 டிகிரிக்கு 0 வோல்ட், மில்லிவோல்ட்டை 10ஆல வகுத்தா விடை. ஆனா சப்ளை குறைஞ்சது 4 வோல்ட் வேணும், அதனால 3.3 வோல்ட்ல மட்டும் ஓடற போர்டுல அதோட சப்ளை பின்னை 3.3ல மாட்டக்கூடாது, 5 வோல்ட்லேர்ந்துதான் கொடுக்கணும். சாதாரண இணைப்புல 2 டிகிரிக்குக் கீழ அளக்காது, மைனஸ் வேணும்னா நெகட்டிவ் சப்ளை ஒண்ணு கட்டணும், அந்த வேலைக்குப் போகாதீங்க, வேற சென்சார் இருக்கு. இன்னொண்ணு பல பேர் கவனிக்காதது: நீளமான வயர் இதுக்கு ஆகாது. அவுட்புட்ல 50 பிகோஃபாரடுக்கு மேல கெப்பாசிட்டன்ஸ் வந்தா பிரச்சினை பண்ணும்னு டேட்டாஷீட்லயே இருக்கு, ஒரு மீட்டர் ஷீல்டு வயருக்கே 100 பிகோஃபாரட் பக்கம் வந்துடும். ரீடிங் காரணமே இல்லாம குதிக்குதுன்னா வயர் நீளத்தைப் பாருங்க. சென்சார் பக்கத்துலயே அவுட்புட் லைன்ல 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா அடங்கிடும்.

டிஎம்பி36ம் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தான், ஆனா 500 மில்லிவோல்ட் தள்ளி ஆரம்பிக்குது. 0 டிகிரிக்கு 500, 25 டிகிரிக்கு 750. அந்தத் தள்ளல் இருக்கறதால மைனஸ் 40 வரைக்கும் நெகட்டிவ் சப்ளை இல்லாமலே அளக்கலாம், 2.7 வோல்ட்லேர்ந்து 5.5 வரைக்கும் ஓடும். துல்லியம் எல்எம்35ஐ விடக் கொஞ்சம் குறைவு, முழு ரேஞ்சுக்கு 2 டிகிரி முன்ன பின்னன்னு வெச்சுக்கலாம். 3.3 வோல்ட் போர்டுன்னா இந்த ரெண்டுல நான் யோசிக்காம இதைத்தான் எடுப்பேன்.

தெர்மிஸ்டர் பத்தி ஒரு தப்பான பேச்சு இருக்கு, வளைஞ்ச கிராஃப், கணக்கு கஷ்டம், துல்லியம் இல்லைன்னு. கணக்கு கஷ்டம்தான், லாகரிதம் வரும், ஆனா அது ஒரு வரி கோடு. மத்தபடி அறை வெப்பநிலையில இது மத்த ரெண்டையும் தூக்கிச் சாப்பிடும். 10 கிலோ ஓம் என்டிசி (சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையற வகை), பீட்டா 3950 (எவ்வளவு வேகமா குறையும்னு சொல்ற எண்), கூட ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 5 வோல்ட் சப்ளை, இதுக்கு 25 டிகிரி பக்கத்துல டிகிரிக்கு சுமார் 55 மில்லிவோல்ட் மாறும். 10 பிட் ஏடிசில டிகிரிக்கு 11 எண். அதே ஏடிசி, அதே 5 வோல்ட் ரெஃபரன்ஸ்ல எல்எம்35க்கு கிடைக்கறது டிகிரிக்கு 2 எண் தான். ஆனா 100 டிகிரிக்குப் போனா தெர்மிஸ்டர் சோர்ந்துடும், அங்க டிகிரிக்கு 2 எண்கூட வராது. அதனால அறை, மீன்தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, முட்டை பொரிக்கற இன்குபேட்டர் இதுக்கெல்லாம் தெர்மிஸ்டர், கொதிக்கற தண்ணிக்கு எல்எம்35. ஒரே ஒரு ஜாக்கிரதை, தெர்மிஸ்டர் வழியா எப்பவும் கரண்ட் ஓடிட்டே இருந்தா அது தானே கொஞ்சம் சூடாகும், மேல சொன்ன இணைப்புல 0.6 மில்லிவாட் வரும், சின்ன மணி மாதிரி இருக்கற வகையில அதுவே ஒரு டிகிரில கொஞ்சம் பின்னத்தைக் கூட்டிக் காட்டும். ஒரு டிஜிட்டல் பின்லேர்ந்து சப்ளை கொடுத்து, அளக்கும்போது மட்டும் ஆன் பண்ணா தீந்தது. ஆனா அப்படிப் பண்ணும்போது பின்ல கொஞ்சம் வோல்டேஜ் விழும், துல்லியம் ரொம்ப முக்கியம்னா அந்தப் பின்னோட வோல்டேஜையும் இன்னொரு ஏடிசி சேனல்ல அளந்து அதோட விகிதம் எடுங்க.

போற போக்குல ஒண்ணு சொல்லிடறேன். எல்எம்35, டிஎம்பி36, டிஜிட்டல் சென்சாரான டிஎஸ்18பி20 மூணும் ஒரே மாதிரி மூணு கால் கருப்பு பிளாஸ்டிக்ல வருது. முதல் ரெண்டும் தட்டைப் பக்கம் நம்மளப் பாத்து இருந்தா இடது கால் சப்ளை, வலது கால் கிரவுண்ட். டிஎஸ்18பி20க்கு அப்படியே தலைகீழ். டப்பால கலந்து கிடந்தா பூதக்கண்ணாடி வெச்சு மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு மாட்டுங்க, தப்பா மாட்டினா தொட முடியாத அளவுக்குச் சூடாகும்.

இப்ப அளக்கற பக்கம். ஏடிமெகா328பில 10 பிட் ஏடிசி, 0லேர்ந்து 1023 வரைக்கும். 5 வோல்ட் ரெஃபரன்ஸ்ல ஒரு படி 4.88 மில்லிவோல்ட், அதாவது எல்எம்35க்கு அரை டிகிரி. டிஸ்ப்ளேல 29.3, 29.8, 30.3ன்னு படி படியா தாவறதுக்கு இதான் காரணம், சென்சார் மேல பழி போடாதீங்க. சிப்புக்குள்ளயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்தினா ஒரு படி 1.07 மில்லிவோல்ட், 0.1 டிகிரி, மேல 110 டிகிரி வரைக்கும் அளக்கலாம். ஒரு காசு செலவில்லாம நாலரை மடங்கு நுணுக்கம், அதோட சப்ளை ஆட்டமும் போயிடுது. ஆனா 1.1ன்னு பேரே தவிர சிப்புக்கு சிப் 1.0லேர்ந்து 1.2 வரைக்கும் எங்க வேணும்னாலும் இருக்கும். அதனால இன்டர்னல் ரெஃபரன்ஸை ஆன் பண்ணிட்டு ஏரெஃப் பின்ல (ரெஃபரன்ஸ் வோல்டேஜுக்கான பின்) மல்டிமீட்டர் வெச்சு அளந்து, வந்த எண்ணைக் கோட்ல போடுங்க. நம்ம போர்டுல 1.083ன்னா 1.083 தான். ஒரு தடவை செஞ்சா போதும், அந்தச் சிப்புக்கு அது அப்படியேதான் இருக்கும், வெப்பத்துல கொஞ்சமா நகரும் அவ்வளவுதான்.

டிஎம்பி36க்கு 1.1 போதாது, 60 டிகிரிலயே முட்டிக்கும். அதுக்கு போர்டுல இருக்கற 3.3 வோல்ட் பின்னை ஏரெஃப்ல கொடுக்கலாம், படி 3.22 மில்லிவோல்ட் ஆகும், டிகிரில மூணுல ஒரு பங்கு. இதுல ஒரு ஆபத்து இருக்கு, கவனமா படிங்க: ஏரெஃப்ல வெளி வோல்டேஜ் மாட்டியிருக்கும்போது கோட்ல வெளி ரெஃபரன்ஸ்னு சொல்லாம அனலாக் ரீட் பண்ணிட்டீங்கன்னா உள்ளே இருக்கற ரெஃபரன்ஸும் வெளிய இருக்கறதும் மோதிக்கும், சிப்பு போயிடலாம். முதல்ல கோடை ஏத்துங்க, அப்புறம் வயரைக் குத்துங்க. எந்த ரெஃபரன்ஸுக்கு மாத்தினாலும் முதல் சில ரீடிங்கைத் தூக்கிப் போட்டுடணும், அது நம்பத் தகுந்ததா இருக்காது. தெர்மிஸ்டருக்கு இந்த வம்பே வேண்டாம், சப்ளையையே ரெஃபரன்ஸா விட்டுடுங்க, அங்க 1.1க்கு மாத்தினாத்தான் தப்பு.

வைஃபை இருக்கற 3.3 வோல்ட் போர்டான இஎஸ்பி32ல 12 பிட்னு பாத்து நிறைய பேர் மயங்கறாங்க. 4096 படி இருக்கறது உண்மை, ஆனா கீழ 0 பக்கத்துலயும் மேல உச்சி பக்கத்துலயும் அளவு நேர்கோட்டுல போகாம வளையுது. அட்டென்யூவேஷன், அதாவது உள்ள வர்ற வோல்டேஜைக் குறைக்கற அளவு, 0 டெசிபெல்ல 100லேர்ந்து 950 மில்லிவோல்ட் வரைக்கும்தான் நம்பலாம், 6 டெசிபெல்ல 150லேர்ந்து 1750 வரைக்கும், 11 டெசிபெல்ல 150லேர்ந்து 2450. இப்ப டிஎம்பி36ஐ நினைச்சுப் பாருங்க, மைனஸ் 35க்கு 150 மில்லிவோல்ட், 125 டிகிரிக்கு 1750. 6 டெசிபெல்லுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காருது. எல்எம்35ஐ 0 டெசிபெல்ல மாட்டினா 10லேர்ந்து 95 டிகிரி வரைக்கும்தான் பாதுகாப்பு, குளிர்ல அது வளையற இடத்துல போய் மாட்டிக்கும். அப்புறம் வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலை செய்யாது, சென்சாரை எப்பவும் ஏடிசி1ல, அதாவது 32லேர்ந்து 39க்குள்ள இருக்கற பின்கள்லதான் மாட்டணும். தொழிற்சாலையிலேயே சிப்புக்குள்ள எழுதி வெச்ச காலிபிரேஷன் எண்ணைப் பயன்படுத்தி நேரா மில்லிவோல்ட்ல தர்ற ஃபங்ஷன் இருக்கு, அதை விட்டுட்டு வெறும் எண்ணை எடுத்து நாமளே பெருக்கறது வேண்டாத வேலை.

ராஸ்பெரி பை பிகோவோட ஆர்பி2040ம் 12 பிட்தான், ஆனா டேட்டாஷீட்படி உருப்படியா கிடைக்கறது 8.7 பிட் அளவு. 512, 1536, 2560, 3584 இந்த எண்கள் பக்கத்துல படிகள் சீரா இருக்காது. ஏடிமெகாவோட 10 பிட்டை கேவலமா நினைக்கறவங்க இதைப் பாக்கணும். பிட் எண்ணிக்கை அட்டைப் பெட்டி மேல எழுதறதுக்கு, நமக்கு வேண்டியது நிலையா நிக்கற ரெஃபரன்ஸும் சுத்தமான கிரவுண்டும்.

8051 மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்துல ஏடி89எஸ்52 மாதிரி சிப்புகள்ல ஏடிசியே கிடையாது, வெளிய ஏடிசி0804 மாட்டணும். 8 பிட்தான், ஆனா அதுல ஒரு அழகு இருக்கு. ரெஃபரன்ஸ் பாதி பின்ல 1.28 வோல்ட் கொடுத்தா முழு அளவு 2.56 வோல்ட், 256 படி, ஒரு படி சரியா 10 மில்லிவோல்ட். எல்எம்35 மாட்டினா வர்ற எண்ணே டிகிரி. வகுத்தல் பெருக்கல் ஒண்ணும் வேண்டாம், அப்படியே டிஸ்ப்ளேல போட்டுடலாம். கத்துக்கறதுக்கு இதை விட நல்ல சர்க்யூட் இல்லைன்னு நான் நிஜமாவே நம்பறேன், ஒவ்வொரு வயரும் என்ன பண்ணுதுன்னு கண்ணுக்குத் தெரியும்.

வெளி ஏடிசின்னா இன்னிக்கு எடுக்க வேண்டியது ஏடிஎஸ்1115. 16 பிட், தனக்குள்ளயே சொந்த ரெஃபரன்ஸ், ஐ2சிங்கற முறையில ரெண்டு வயர்ல பேசும், செகண்டுக்கு அதிகபட்சம் 860 ரீடிங். மைக்கோ ஆடியோவோ அளக்க முடியாது, வெப்பநிலைக்குத் தாராளம். ஆனா நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் 16 பிட் கிடையாது. எல்எம்35ஓட துல்லியமே அரை டிகிரிதான், அதை ஆயிரத்துல ஒரு டிகிரி வரைக்கும் பிரிச்சுப் பாத்து என்ன ஆகப்போகுது? இதுல ரெண்டு பின்னுக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தை அளக்கற வசதி இருக்கு. ஒரு பின் சென்சாரோட அவுட்புட்ல, இன்னொரு பின் சென்சாரோட கிரவுண்டு காலுக்கு நேரா ஒரு தனி வயர். பேக்லைட் கரண்ட் நடுவுல எவ்வளவு மில்லிவோல்ட் விழவெச்சாலும் ரெண்டு பின்னுக்கும் பொதுவா இருக்கறதால கழிஞ்சு போயிடும். ஆரம்பத்துல சொன்ன 1.1 டிகிரி நோய்க்கு இதுவும் ஒரு மருந்து, சென்சார் ரெண்டு மூணு மீட்டர் தள்ளி இருந்தா இதுதான் மருந்து.

இனி டிஸ்ப்ளே. 16×2ன்னு வாங்கறதுல பெரும்பாலும் ஹிட்டாச்சி எச்டி44780ஓ இல்ல அதே மொழி பேசற வேற சிப்போ இருக்கும், அதனால கோட்ல கவலை இல்லை. கவலை எல்லாம் வயர்ல.

முழு 8 பிட் இணைப்பை விட்டுடலாம், பின் ஏகப்பட்டது நிறைஞ்சு கிடக்கற 8051 தவிர வேற எங்கயும் அதுக்கு நியாயம் இல்லை. 4 பிட் இணைப்புல ஆர்எஸ், எனேபிள், டி4லேர்ந்து டி7 வரைக்கும் ஆறு பின், ஆர்டபிள்யூ பின்னைக் கிரவுண்டுல போட்டுடலாம், காண்ட்ராஸ்ட்டுக்கு 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர். டிஸ்ப்ளேக்குப் பின்னாடி மாட்டற ஐ2சி பேக்பேக்ங்கற குட்டி போர்டை வெச்சா ரெண்டே பின். அதுல இருக்கறது பிசிஎஃப்8574ங்கற எக்ஸ்பாண்டர் சிப், அட்ரஸ் வழக்கமா ஹெக்ஸ் 27, கடைசில ஏ போட்ட வகைன்னா ஹெக்ஸ் 3எஃப். டிஸ்ப்ளேல ஒண்ணுமே வரலைன்னா முதல்ல அட்ரஸ் ஸ்கேன் ஓட்டிப் பாருங்க, அட்ரஸ் சரின்னா பின்னாடி இருக்கற நீல காண்ட்ராஸ்ட் பிரீசெட்டைத் திருகுங்க, பாதிப் பேருக்கு அங்கயே எழுத்து தெரிஞ்சுடும். முதல் வரி பூராவும் கட்டம் கட்டமா கருப்பா இருந்தா காண்ட்ராஸ்ட் சரி, இனிஷியலைஸ் ஆகலைன்னு அர்த்தம்.

5 வோல்ட் போர்டுக்கு நான் ஐ2சி பக்கம்தான். வேகம் குறைவுன்னு சொல்வாங்க, உண்மைதான், அந்த எக்ஸ்பாண்டர் 100 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும், லைப்ரரி எழுதின விதத்தைப் பொறுத்து ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்ட் பக்கம் ஆகலாம், 32 எழுத்துக்கு 35 மில்லிசெகண்ட். அரை செகண்டுக்கு ஒரு தடவை மாறற வெப்பநிலைக்கு இது பிரச்சினையே இல்லை. அதோட ஏடிமெகா டேட்டாஷீட்ல ஒரு நல்ல குறிப்பு இருக்கு: அனலாக் போர்ட்ல மத்த பின்களை டிஜிட்டல் அவுட்புட்டா வெச்சு, ஏடிசி அளக்கற நேரத்துல தட்டிட்டே இருந்தா ரீடிங் கெடும், ஆனா ஏ4, ஏ5ல ஓடற ஐ2சி அந்த ரெண்டு சேனலை மட்டும்தான் பாதிக்கும். அதனால சென்சாரை ஏ0ல வெச்சு டிஸ்ப்ளேவை ஐ2சில விட்டா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொந்தரவு பண்ணாது. பின் பத்தலைன்னு டி4, டி5 வயரையெல்லாம் ஏ1, ஏ2ல குத்தறது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

3.3 வோல்ட் போர்டுக்கு வந்தா கதை அப்படியே திரும்புது, இதைத்தான் நிறைய பேர் எதிர்பாக்க மாட்டாங்க. ஐ2சின்னா சுலபம்னு நினைச்சு பேக்பேக்கை 5 வோல்ட்ல போட்டு இஎஸ்பி32ல நேரா மாட்டிடறாங்க. அந்த பேக்பேக்ல எஸ்டிஏ, எஸ்சிஎல்ங்கற ஐ2சி வயர் ரெண்டுக்கும் 4.7 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டர் 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டியிருக்கும், 5 வோல்ட் நேரா இஎஸ்பி32 பின்னுக்குப் போகுது, அந்தப் பின் அதுக்குன்னு செஞ்சது இல்லை. சரி, புல்அப்பை எடுத்துட்டு 3.3க்கு மாத்தலாம்னா, பிசிஎஃப்8574 தன் சப்ளைல 70 சதவீதம், அதாவது 3.5 வோல்ட் வந்தாத்தான் ஹைன்னு உறுதியா எடுத்துக்கும், 3.3 அதுக்குக் கீழ. மேஜைல ஓடும், ஒரு நாள் நிக்கும், ஏன்னு தெரியாது. ஒழுங்கா பண்ணணும்னா நடுவுல 3.3ஐயும் 5ஐயும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக் கொடுக்கற லெவல் ஷிஃப்டர் வேணும்.

ஆனா பழைய 4 பிட் இணைப்புல பாருங்க, எச்டி44780 டேட்டாஷீட்படி 5 வோல்ட் சப்ளைல 2.2 வோல்ட் வந்தாலே ஹை. 3.3 தாராளமா போதும். ஆர்டபிள்யூவைக் கிரவுண்டுல போட்டுட்டதால டிஸ்ப்ளே திருப்பி 5 வோல்ட் அனுப்பறதுக்கும் வழி இல்லை. உள்ளே இருக்கற சின்ன புல்அப்புக்காக ஒவ்வொரு லைன்லயும் 1 கிலோ ஓம் சீரிஸ்ல போட்டு வெச்சா நிம்மதி. மாற்று சிப் இருக்கற மாட்யூல்னா அந்த 2.2 எண்ணை மட்டும் அதோட டேட்டாஷீட்ல ஒரு தடவை சரி பாத்துடுங்க. ஆக 3.3 வோல்ட் போர்டுல ஆறு பின் கொடுக்க முடியும்னா 4 பிட் இணைப்புதான் என் தேர்வு, ஷிஃப்டர் வேண்டாம், அட்ரஸ் தேடவேண்டாம், பஸ் தொங்கிப் போற தொல்லையும் கிடையாது. டிஸ்ப்ளேவையே 3.3ல ஓட்டலாமேன்னு கேட்டா, சாதாரண 5 வோல்ட் மாட்யூல்ல அந்த சப்ளைக்கு காண்ட்ராஸ்ட் பத்தாது, எழுத்து பேய் மாதிரி மங்கலா தெரியும், 3.3ன்னே போட்ட மாட்யூல் தனியா பாத்து வாங்கணும்.

ஷிஃப்ட் ரெஜிஸ்டர் 74எச்சி595 வெச்சு மூணு பின்ல ஓட்டறது ஒரு வழி, ஐ2சி பேக்பேக் இவ்வளவு சுலபமா கிடைக்கறப்ப அதுக்கு அவசியம் இல்லை. ஓஎல்இடி கிராஃபிக் டிஸ்ப்ளேவை ஒரு காரணத்துக்காக நான் சொல்லியே ஆகணும், அது தமிழ். 16×2ல நாமளே வரையற எழுத்துக்கு இடம் எட்டே எட்டு, ஒவ்வொண்ணும் 5×8 புள்ளி. ட, ப, ம இதையெல்லாம் எப்படியோ வரஞ்சுடலாம், ணை, ஞ, ஊ இதெல்லாம் அஞ்சு புள்ளி அகலத்துல அடங்கவே அடங்காது, ரெண்டு கட்டம் எடுத்தா எட்டு இடம் ஒரே வார்த்தைல தீந்துடும். அம்மா அப்பாவுக்குப் படிக்கற மாதிரி தமிழ்ல காட்டணும்னு ஆசை இருந்தா எஸ்எஸ்டி1306 128×64 ஓஎல்இடிக்குப் போங்க, எழுத்தைப் படமா வெச்சு காட்டிடலாம். திரை பூராவும் ஒரு நகல் மெமரில வெக்க 1024 பைட் வேணும், ஏடிமெகா328பில மொத்தமே 2048 பைட் ரேம்தான், பாதி அங்க போயிடும். அது மட்டும் இல்ல, ஓஎல்இடி எத்தனை புள்ளி எரியுதோ அதுக்குத் தக்கபடி கரண்ட் இழுக்கும், அதனால சப்ளையை ரெஃபரன்ஸா வெச்சு எல்எம்35 அளந்தா, திரைல எவ்வளவு எழுத்து இருக்குங்கறதைப் பொறுத்து வெப்பநிலை மாறற விசித்திரத்தையும் பாக்கலாம்.

ஆக எந்த ஜோடி? ஏடிமெகா மாதிரி 5 வோல்ட் போர்டு, அறை வெப்பநிலை, ஒரு டிகிரிக்குள்ள சரியா இருந்தா போதும்னா தெர்மிஸ்டரும் ஐ2சி பேக்பேக்கும். சப்ளை ஆடினாலும் அசராது, ரெண்டு கெப்பாசிட்டர் கூட வேண்டாம். கணக்கு சுலபமா இருக்கணும், இல்ல 100 டிகிரி பக்கம் போகணும்னா எல்எம்35, 1.1 ரெஃபரன்ஸ், ஐ2சி பேக்பேக், சென்சாருக்குத் தனி கிரவுண்ட் வயர், ஏரெஃப்ல 100 நானோஃபாரட். இஎஸ்பி32ன்னா டிஎம்பி36 ஏடிசி1ல, 4 பிட் டிஸ்ப்ளே. சென்சார் தூரத்துல இருக்கு, இல்ல எம்க்யூ2 மாதிரி கேஸ் சென்சாரும் கூட இருக்குன்னா ஏடிஎஸ்1115ஐ யோசிக்காம எடுங்க, அந்த கேஸ் சென்சாரோட ஹீட்டர் மட்டும் 150 மில்லிஆம்ப் இழுக்கும், பேக்லைட்டெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

கோட்ல ரெண்டு விஷயம். லூப்ல ஒவ்வொரு தடவையும் டிஸ்ப்ளேவை கிளியர் பண்ணாதீங்க, கிளியருக்கு ஒன்றரை மில்லிசெகண்ட் ஆகும், கண்ணுக்கு மினுக்கல் தெரியும். கர்சரை அதே இடத்துக்குக் கொண்டுபோய் மேலயே எழுதுங்க, ஆனா எண்ணுக்குப் பின்னாடி ரெண்டு ஸ்பேஸ் சேத்து எழுதுங்க, இல்லைன்னா 100.0 போய் 99.8 வரும்போது பழைய பூஜ்யம் ஒட்டிக்கிட்டு 99.80ன்னு நிக்கும். ரெண்டாவது, 16 ரீடிங் எடுத்து கூட்டி வகுத்துட்டு அப்புறம் காட்டுங்க, ஆனா ஆவரேஜ் போட்டா கிரவுண்ட் தப்பு போகாது, அது ஆடற எண்ணைத்தான் அடக்கும், தள்ளி நிக்கற எண்ணை அப்படியே தள்ளி நிக்க விட்டுடும். எனக்கு அந்த ரெண்டு நாள் வீணானது இது தெரியாததாலதான்.

சால்டர் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிடுங்க. எல்லாம் மாட்டி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ரீடிங் நின்னப்புறம், டிஸ்ப்ளேவோட 15ஆம் பின் வயரை மட்டும் உருவுங்க, அதுதான் பேக்லைட்டோட பாசிட்டிவ். ஐ2சி பேக்பேக்னா ஓரத்துல இருக்கற ஜம்பர் தொப்பியைக் கழட்டினா போதும். திரை இருட்டானாலும் டார்ச் அடிச்சா எண் தெரியும். கடைசி இலக்கம் நகருதான்னு பாருங்க, நகந்தா சென்சாரோட கிரவுண்ட் வயரை இன்னும் போர்டுக்குப் பக்கத்துல கொண்டுபோங்க, நகரலைன்னா அயர்னைச் சூடு பண்ணலாம்.